உங்களுக்குத் தெரியுமா? இரு விரல் போஸ் வந்த வழி

செல்ஃபி என்றதும் இரு விரலை விரித்துக் காட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்தது ஜப்பான். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை ஜேனட் லின் தடுமாறி விழுந்தார். விழுந்தும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை! கிடைத்தது வெண்கலம்தான், ஆனால் ஜப்பானியர்கள் அவரைக் கொண்டாடித் தீர்த்தார்கள். அவர் காட்டிய ‘வி’ சைகையும் பரவியது என்பார்கள். அதே காலத்தில் கோனிகா கேமரா விளம்பரத்தில் பாடகர் ஜுன் இனோவே இரு விரல் காட்ட, குடும்ப ஆல்பங்கள்வரை அது புகுந்தது. எனக்கென்னவோ, விளம்பரத்துக்கே பெரும்பங்கு என்று தோன்றுகிறது. 1995-ல் ‘பூரிகுரா’ ஸ்டிக்கர் போட்டோ இயந்திரங்கள் வந்ததும் பள்ளி மாணவிகள் தோழிகளோடு நெருக்கியடித்து நின்று விதவிதமாக போஸ் கொடுத்தார்கள். உதட்டைக் குவிக்கும் ‘டக் ஃபேஸ்’ பின்னாளில் வந்து ஓய்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கொரிய இதயம்தான் இப்போது ‘வி’க்குச் சரியான போட்டி.