தீப்புண்ணில் கசியும் செம்பு

நர்ஸ் கழற்றிப் போடுகிற டிரெஸ்ஸிங் துணி எங்கே போகும்? நேராகக் கழிவுப் பைக்கு. ஊர் உலகத்தில் எல்லா பர்ன்ஸ் வார்டிலும் அதுதான் வழக்கம். சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு குழு அதைப் போக விடவில்லை! மெட்டே பெர்கர் என்ற தீவிர சிகிச்சை மருத்துவரும் கூட இருந்தவர்களும், பெரிய தீக்காயத்தோடு படுத்திருந்தவர்களைச் சுற்றியிருந்த துணிகளைச் சேர்த்து வைத்தார்கள். அதில் ஊறியிருந்த நீரைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளே செம்பு எவ்வளவு, ஜிங்க் எவ்வளவு என்று அளந்தார்கள். அந்தக் கணக்கு 1992-இல் அச்சில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத ஈரத்துணிக்குள்ளிருந்து ஒரு சிகிச்சையே எழுந்து வந்தது என்றால் சும்மாவா! வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த ஈரம். தோல் போன இடத்தில் வடிவதைத் தண்ணீர் என்றுதான் நினைப்போம். அது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதில் புரதம் இருக்கிறது. புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உலோகங்களும் இருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுக்கத் தேடினாலும் செம்பு சுமார் 100 மில்லிகிராம்தான் தேறும். உடம்பில் பாதி வெந்துபோனவருக்கு முதல் வாரத்திலேயே அந்தக் கையிருப்பில் கணிசமான பங்கு புண் வழியாகக் கசிந்துவிடுகிறது. ஜிங்க்கும் செலினியமும் கூடவே கிளம்பிவிடுகின்றன.

போகிறவை எவை என்று பாருங்கள்! கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குகிற என்சைமுக்குச் செம்பு வேண்டும். செல்கள் பிரிந்து பெருக ஜிங்க் வேண்டும். தீக்காயம் பட்டதும் உடம்பெங்கும் கிளம்புகிற ஆக்சிஜன் நச்சுகளை அடக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், செலினியம் இல்லாமல் வேலையே செய்யாது. தறியில் உட்காரும் நேரம் பார்த்து நூலைத் திருடிக்கொண்டு போனால் நெசவாளி என்ன செய்வார்? புதுத் தோல் நெய்ய வேண்டிய உடம்பின் நிலைமையும் அதுதான்.

சரி, நல்ல சாப்பாடு கொடுத்தால் ஈடுகட்ட முடியாதா? அந்தச் சாப்பாட்டுக் கதையே தனிச் சுவாரசியம். இப்படிப்பட்ட நோயாளியின் அறைக்குள் நுழைந்தால் வெப்பம் முகத்தில் அடிக்கும். வெளியே பனி கொட்டினாலும் அறையை 28 முதல் 30 டிகிரி வரை வைத்திருக்க வேண்டும். கவுனும் மாஸ்க்கும் மாட்டிய ஊழியர்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் குறைக்க மாட்டார்கள். தோல் இல்லாத உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிபொருளை வாரி இறைக்கிறது. அறை அந்தப் பாரத்தில் கொஞ்சம் சுமக்கிறது. வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு தொடங்கிவிடும். புரதம் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம். 60 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிராம். முட்டைக் கணக்கில் 15 முதல் 20 முட்டை! வாயால் யார் சாப்பிட முடியும்? அதனால்தான் ராப்பகலாகச் சொட்டுகிற அந்தக் குழாய்.

கலோரியை எப்படிக் கணக்குப் போடுவது? 1974-இல் கர்ரேரி என்ற மருத்துவர் ஒரு சூத்திரம் கொடுத்தார்: எடையில் கிலோவுக்கு 25, வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 40. அதே 60 கிலோ ஆளுக்கு 50 சதவீதம் வெந்திருந்தால் 3,500 கலோரி. அப்படி ஊட்டியதில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. கரியமில வாயு கூடியதால் வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பதும் சிரமமானது. அதனால் இன்றைக்கு வசதியுள்ள இடங்களில் நோயாளியின் மூச்சையே அளக்கிறார்கள். உள்ளே போகும் ஆக்சிஜன், வெளியே வரும் கரியமில வாயு, அதை வைத்து உடம்பு எரிக்கும் கலோரி. கருவி இல்லையென்றால் டொராண்டோ சூத்திரம். அது கேட்கிற கேள்விகளைக் கேளுங்கள்: நேற்று எவ்வளவு சாப்பாடு உள்ளே போனது? இன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு? சுட்டு எத்தனை நாள் ஆயிற்று? கட்டிலருகே நின்று நலம் விசாரிக்கிற மாதிரியே இருக்கிறது! ஒரு தடவை போட்ட கணக்கை வாரக்கணக்கில் இழுக்காமல் தினமும் திருத்துகிறது பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு பக்கம் பாஸ்பரஸ் மீதும் ஒரு கண் இருக்கும். முதல் சில நாட்களில், உணவு ஏற ஏற, செல்கள் ரத்தத்திலிருந்து பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் எண் சரியும். கவனிக்காவிட்டால் மூச்சு விடும் தசைகளே தளர்ந்துவிடும். அதனால் மக்னீசியத்தோடு சேர்த்து இதையும் பார்த்துப் பார்த்து டிரிப்ஸில் ஏற்றுவார்கள்.

குழாய் உணவிலும் செம்பு, ஜிங்க், செலினியம் எல்லாம் உண்டு. ஆனால் அது ஓட்டை இல்லாத உடம்புக்கான அளவு. அதிகமாகக் கலந்து கொடுக்கலாம் என்றால், ஜிங்க் கூடினால் குடல் செம்பை உள்ளே விடாது. ஆக நரம்பு வழிதான். அதற்கு முன்னால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? அங்கேதான் லேப்பின் கைத்திறன்!

ரத்தம் எடுக்கும் டியூபைக் கிட்டத்தில் பாருங்கள். கருநீல மூடி. சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே ஜிங்க் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் உலோகம் கலக்காத தனி டியூப். இழுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் அவற்றுக்குள் இருக்கும் ஜிங்க் வெளியே வந்து ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடும். இத்தனை பத்திரமாக வந்த ரத்த மாதிரி, நவீன லேப்களில் ஒரு ஆர்கான் பிளாஸ்மா சுடருக்குள் போகிறது. அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையே மிஞ்சும்! அங்கே எல்லாம் அயனிகளாகச் சிதற, அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது கருவி. தீயால் வெந்தவரின் உடம்பில் என்ன குறைந்தது என்று சொல்ல இன்னொரு நெருப்பு வேலை செய்கிறது.

எண் வந்துவிட்டால் போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். உடம்பில் எந்த அழற்சி வந்தாலும் ஜிங்க் ரத்தத்தைவிட்டுக் கல்லீரலுக்குப் போய்விடும். அதனால் ஜிங்க் குறைந்தது என்று மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே அழற்சியில் செம்பு ஏற வேண்டும், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் கூடுவதால். பெரிய தீக்காயத்தில் மட்டும் அழற்சி உச்சத்தில் நிற்கும், அதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு எகிறும், செம்பு ஏறாமல் கீழே இறங்கும்! எனக்கு உடம்பு புல்லரிப்பது இந்த இடத்தில்தான். ஏற வேண்டியது இறங்கினால் அது எங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். துணி சொன்னதையே ரத்தமும் சொல்கிறது.

இனி இவற்றை நரம்பில் ஏற்றும் பம்ப். லோசான் குழு ஒரு சோதனையில் தினமும் நரம்பில் ஏற்றிய அளவு: செம்பு சுமார் 3.75 மில்லிகிராம், செலினியம் 375 மைக்ரோகிராம், ஜிங்க் 37.5 மில்லிகிராம். ஆரோக்கியமானவருக்கு நாளொன்றுக்குச் செம்பு 1 மில்லிகிராம்கூடத் தேவையில்லை, செலினியம் 55 மைக்ரோகிராம் போதும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு தாராளம் என்று புரியும். இரண்டு சோதனைகளைச் சேர்த்து 2006-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 41 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் கரைசல் என்பது குலுக்கல் முறையில். இந்தத் தாதுக்கள் கிடைக்காத 20 பேரில் 16 பேருக்கு மருத்துவமனையிலேயே நிமோனியா வந்தது. கிடைத்த 21 பேரில் 7 பேருக்குத்தான்!

41 பேர் குறைவு. அதை நான் மறைக்க மாட்டேன். நியாயமாகத் தோன்றுவதெல்லாம் பலிக்கும் என்றும் இல்லை: குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தின் மீது பலரும் வைத்திருந்த நம்பிக்கை, 1,200 தீக்காய நோயாளிகளிடம் சோதித்து 2022-இல் வெளியான முடிவில் பொய்த்தது. அவ்வளவு பெரிய சோதனை இந்த மூன்று தாதுக்களுக்கும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனாலும் லோசான்காரர்களிடம் ஒரு பலம் உண்டு. வெளியே போனதை அளந்து, போனதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தது தோல் வரை போய்ச் சேர்ந்ததா என்றும் விடாமல் பார்த்தார்கள்: தோலில் துளித் துண்டு எடுத்துச் சோதித்து 2007-இல் எழுதினார்கள். வெந்த இடத்துத் தோலில் செலினியமும் ஜிங்க்கும் கூடியிருந்தன. ஒட்டிய தோல் பிடிக்காமல் மறுபடி ஒட்ட வேண்டிய தேவையும் குறைந்தது.

ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2013-இல் தந்த பரிந்துரையில் இந்தத் தாதுக்களை ஏற்றுவது இடம்பெற்றுவிட்டது. எத்தனை நாள் ஏற்றுவது என்பதைக் காயத்தின் பரப்பே முடிவு செய்கிறது: 20 முதல் 40 சதவீதம் வெந்திருந்தால் ஒரு வாரம், 60 வரை இரண்டு வாரம், அதற்கும் மேல் என்றால் 30 நாள்.