வியர்வை சிந்துகிறவர் உப்பைக் கூட்டலாமா? ரத்தக்குழாய் விறைத்துவிடும்!

சோமனூர் வட்டாரத் தறிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"உடம்பெல்லாம் வேர்வையா ஊத்துது. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தானுங்க தெம்பு!"

சோற்றுக்கு ஊறுகாய். மோர் மிளகாய். இடையில் டீயும் போண்டாவும்.

இந்தக் கணக்கு தப்பு.

வியர்வையில் உப்பு போவது உண்மைதான். ஆனால் தினமும் வெக்கையில் வேலை செய்து பழகிய உடம்பு, உப்பை அதிகம் வெளியே விடாது. அதிகம் போவது தண்ணீர். அதைக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். போகிற உப்புக்கு, பெரும்பாலோருக்கு மூன்று வேளைச் சாப்பாடே போதும். தசை இழுத்துப் பிடித்தாலோ, மயக்கம் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். ஊறுகாய் பாட்டிலிடம் அல்ல!

ஒரு கிலோ பாக்கெட்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பு, ரசம், போண்டா எல்லாம் சேர்த்துத்தான். இந்தியாவில் நடந்த ஆய்வுகளிலோ 8 முதல் 11 கிராம் வரை வந்திருக்கிறது.

வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் தீர்ந்தால், ஆளுக்கு தினம் 8 கிராமுக்கு மேல். கடைப் பலகாரத்து உப்பு தனி!

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் உப்பு கூடினால் அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு பெருகும். குழாய்ச் சுவரை அழுத்தும். இதுதான் பிரஷர்.

"எனக்குத்தான் பிரஷர் இல்லீங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்களும் தப்ப முடியாது. ரத்தக்குழாயின் உட்பக்கம் மெல்லிய தோல்போல ஒரு படலம் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அது சுரந்து குழாயை விரிய வைக்கிறது. உப்பு மிஞ்சினால் இந்த வேலை கெடுகிறது. பிரஷர் ஏறாதவர்களுக்கும் குழாய் விரிவது குறைந்ததை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் குழாய் விறைத்துவிடும். மூளைக்குப் போகும் குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம்தான்.

கை விழுந்த ஆள் அறுந்த இழையை எப்படி முடிவார்? தறி நிற்கும். கூலியும் நிற்கும்.

சீனாவில் நடந்த சோதனை

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பிரஷர் உள்ள முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்கு மாற்று உப்பு கொடுத்தார்கள். அதில் முக்கால் பங்கு சாதாரண உப்பு. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. முடிவு 2021-ல் வெளியானது. மாற்று உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு!

ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இந்துப்பு? அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். விலைதான் கூடுதல்.

பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது. பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.