இன்றும் தீர்க்கதரிசனம் உண்டா?

திருப்பதியில் அலிபிரிச் சாலைப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவனாகிய என்னிடம் அக்கம்பக்கத்து அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் கூட்டங்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நடக்கப்போவதைச் சொல்கிறார்களாமே! கடவுள் இன்றும் அப்படிப் பேசுகிறாரா சார்?" என்பதே அது. எங்கள் சபை இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த வார்த்தையை நம்பிச் சிலர் வீட்டை விற்கிறார்கள், மருந்தை நிறுத்துகிறார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆகவே சற்று நிதானித்துப் பார்ப்பது நல்லது.

வருங்காலத்தை அறியும் ஆவல் எந்த மதத்துக்கும் தனிச் சொத்து அல்ல. அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் படியேறும் பக்தர் மனத்திலும் "என் காரியம் கைகூடுமா?" என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும். பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் மடம் கொண்ட போத்துலூரி வீரபிரம்மேந்திர சுவாமிகளின் 'காலக்ஞானம்' ஆந்திர மக்களிடையே மிகப் பிரசித்தம். விசித்திரமாக ஏதேனும் நடந்துவிட்டால், "பிரம்மங்காரு அன்றே சொன்னார்" என்று தெலுங்கு நண்பர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். நம் ஊர்க் குறத்தி சொல்லும் குறியை இங்கே 'சோதி' என்பார்கள். இந்த மண்ணில் வளர்ந்த கிறிஸ்தவனுக்கும் அதே காதுகள்தாம். தீர்க்கதரிசனம் என்றவுடன் அவன் மனமும் குறி கேட்கத் தயாராகிவிடுகிறது.

இதற்கு அந்தச் சொல்லும் ஓரளவு காரணம். 'தீர்க்கதரிசி' என்ற வடசொல்லுக்கு நெடுந்தூரம் காண்பவர் என்று பொருள். ஆனால் எபிரேய மொழியில் உள்ள 'நாபி' என்ற சொல் கடவுளின் சார்பாகப் பேசுபவரையே குறிக்கிறது. 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்ற சொல்லை ஆண்டிருப்பது இவ்வகையில் பொருத்தமே. பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி கள்ளத் தராசு வைத்து ஏழைகளை ஏய்த்த வணிகர்களைக் கண்டித்தார். எரேமியா அரசனுக்குப் பிடிக்காத உண்மையை அரசனிடமே சொன்னார். எதிர்காலம் அவர்கள் பேச்சில் வந்தது உண்மை. ஆனால் நிகழ்கால நடத்தையைத் திருத்தவே அது வந்தது.

இயேசுவின் அப்போஸ்தலர்கள் காலத்தில் இருந்த இந்த வரம் இன்றும் தொடர்கிறதா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு 1918-இல் வெளியிட்ட நூலில், அப்போஸ்தலர்களை மெய்ப்பிக்கவே அற்புத வரங்கள் அருளப்பட்டன, அவர்களோடு அவை நின்றுவிட்டன என்று வாதாடினார். மறுபக்கம், லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசூசா தெருவில் 1906-இல் மூண்ட எழுப்புதலிலிருந்து உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே சபையார், அந்த வரங்கள் ஒருபோதும் நிற்கவில்லை என்கிறார்கள்.

அசூசா தெருவுக்கு 46 ஆண்டுகள் முன்பே இந்த விவாதம் தமிழ் மண்ணில் நடந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். திருநெல்வேலிச் சீமையில் 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து, எந்தச் சங்கத்திடமும் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்தார். 1860-இல் அங்கே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் கதறி அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள். சிலர் அந்நிய பாஷைகளில் பேசினார்கள். சிலர் தீர்க்கதரிசனம் சொல்லிச் சபையாரைக் கடிந்துகொண்டார்கள். அருளப்பன் இவற்றைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஐரோப்பிய மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அங்கே எழுந்த வாக்குகள் மனந்திரும்பச் சொன்ன வாக்குகள். அருளப்பன் 1867-இல் மறையும்வரை எளிய மனிதராகவே வாழ்ந்தார்.

அடுத்து ஒருவரைப் பாருங்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, திருவாங்கூரில் சி.எம்.எஸ். சபையின் குருவானவர் ஜஸ்டஸ் ஜோசப். 'வித்துவான் குட்டி' என்று புகழ் பெற்ற புலவர். 1873-க்குப் பின் திருவாங்கூரில் எழுப்புதல் பரவியபோது அவரும் அவருடைய சகோதரர்களும் அதில் முன்னின்றார்கள். ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-இல், கிறிஸ்து திரும்ப வருவார் என்று அப்போது எழுந்த வாக்கை ஏற்று, அதையே பறைசாற்றினார்கள். 'ஆறு வருஷக் கூட்டத்தார்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. 1881 வந்தது, போனது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மீதிப் பேர், வருகை ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிற்று என்று விளக்கம் சொல்லி, யுயோமய சபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அவர் மலையாளத்தில் பாடிவைத்த பக்திப் பாடல்களைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. பாட்டு நிலைத்தது, தேதி நிலைக்கவில்லை.

இருவரும் உத்தமர்களே, ஒருவரை மெய்யென்றும் மற்றவரைப் போலியென்றும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாக்கு எதைக் கேட்டது என்பதில்தான் வேறுபாடு. முதலாவது, கேட்டவனைத் தன் நெஞ்சைப் பார்க்கச் சொன்னது. இரண்டாவது, நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க ஆறு ஆண்டு அவகாசம் இருந்தும், வாக்கு உரைத்தவரைச் சோதிப்பது பாவம் என்ற பயமே மேலோங்கியது.

வேதம் சொல்வதோ நேர்மாறு. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று ஒழுங்கு செய்தார். தெசலோனிக்கேயருக்கோ, தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் கூடாது, எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும் என்று எழுதினார். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் உனக்கு இப்படி ஆகும் என்றார். கூடியிருந்தவர்கள், போக வேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார். வாக்கை அவர் மறுக்கவில்லை; ஆனால் தன் கடமையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அகபுவிடம் ஒப்படைக்கவும் இல்லை.

நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசியில் லைன் கிளியர் கொடுக்க நேர்ந்தால், கொடுப்பவர் தம்மிடமுள்ள அச்சுத் தாளிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' சொல்வார். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இருபது வருடம் பழகிய குரல் என்பதற்காக யாரும் வண்டியை விடுவதில்லை. அதனால் அந்த நண்பரை அவமதித்ததாக ஆகாது. வண்டியில் ஆயிரம் உயிர்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு வாக்கிலும் சில சமயம் உயிர் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நீரிழிவுக்காரர். வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றுக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், "ஆண்டவர் உங்களைச் சுகமாக்கிவிட்டார்" என்று அவர்மேல் கைவைத்துச் சொன்னார். பெரியவர் அன்றே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. விசுவாசம் குறைந்தது உங்களிடம்தான் என்று பிறகு பதில் வந்ததாம். பெரியவரைவிட நான் அதிகம் வருந்துவது, அன்று கூடியிருந்து 'ஆமென்' சொன்னவர்களை நினைத்துத்தான். "ஐயா, முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்போம்" என்று சொல்ல அவர்களில் ஒருவர்கூட இல்லாமற் போனாரே!

ஆதிச் சபையார் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கண்டெடுக்கப்பட்ட 'டிடாக்கே' என்ற மிகப் பழைய திருச்சபைக் கைந்நூல், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று விதிக்கிறது. அவருடைய நடத்தை ஆண்டவரின் நடத்தையை ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும் சொல்கிறது. நம் காலத்திலும், அமெரிக்காவின் 2020 தேர்தலில் டிரம்ப் வெல்வார் என்று தீர்க்கதரிசனம் உரைத்த பலர் பொய்த்துப் போனார்கள். சிலர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் சாக்குச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் அந்தச் சபைகளின் தலைவர்களே கூடி, பொய்த்த வாக்குக்கு அதைச் சொன்னவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறைகளை வெளியிட்டார்கள்.

கடவுள் ஊமையாகிவிட்டார் என்று நான் நம்பவில்லை. ஒரு எளிய சகோதரி ஜெபத்தில் சொன்ன வார்த்தை, யாரும் அறியாத என் மனப்பாரத்தைத் தொட்டதுண்டு. ஆனால் அந்த வார்த்தை என்னிடம் காசு கேட்கவில்லை, பயமுறுத்தவில்லை, மருத்துவரிடம் போகாதே என்று தடுக்கவில்லை. அண்டை வீட்டாரோடு சமாதானமாகப் போகச் சொன்னது. அதை வேதத்தோடு ஒத்துப் பார்க்கவும், மூத்தவர்களிடம் கேட்கவும் எனக்கு நேரம் இருந்தது.

எனவே என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தீர்க்கதரிசனம் உண்டு, அதைச் சோதிக்கும் கடமையும் உண்டு. முதலாவதை ஏற்று இரண்டாவதை விட்டுவிட்ட சபையில், அடுத்த தடவை விரலோடு போகாது.