பர்மா மரவை

மரவை என்பது மரத்தில் கடைந்த கிண்ணம், தட்டு போன்றவற்றைக் குறிக்கும் தமிழ்ச்சொல். உப்பும் புளியும் உலோகத்தை அரிக்கும் என்பதால் அவற்றைப் போட்டுவைக்க வீடுகளில் மரவை இருந்தது. செட்டிநாட்டில் இச்சொல் பர்மாவிலிருந்து வந்த பூச்சுப் பாத்திரங்களுக்கும் பெயராயிற்று.

செய்முறை

பெயர் மரவை என்றாலும் இவற்றில் பல மூங்கிலால் ஆனவை. மெல்லிய மூங்கில் கீற்றைச் சுருட்டியோ பின்னியோ வடிவம் அமைத்து, அதன்மேல் 'தித்சி' என்னும் மரத்தின் பாலைப் பூசுவர். சாம்பல் கலந்த பால் இடுக்குகளை அடைக்கும். ஒவ்வொரு பூச்சும் இறுகியபின் தேய்த்து மெருகேற்றி அடுத்ததைப் பூச வேண்டும். வியப்பான செய்தி, இந்தப் பால் வெயிலில் சரியாக இறுகுவதில்லை. ஈரப்பதமுள்ள நிலவறையில்தான் இறுகும். அதனால் ஒரு நல்ல பாத்திரம் முடிய மாதக்கணக்கில் ஆகும். கறுப்பு, பாலின் சொந்த நிறம். சிவப்புக்குச் சாதிலிங்கம் சேர்ப்பர். நம்மூர் மரச்சொப்புகளுக்குப் பூசும் அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது, இது வேறு. இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் பகான்.

செட்டிநாட்டுக்கு வந்த வழி

1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானபின் நகரத்தார் அங்கே வட்டித்தொழிலில் பெருகினர். தேக்குடன் மரவைகளும் ஊருக்கு வந்தன. திருமணச் சீரில் வரிசையாகப் பரப்பப்பட்டன. பலகாரம் வைக்கவும் பயன்பட்டன. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பால் பலர் பர்மாவைவிட்டு வெளியேறியதும் அந்த வரத்து நின்றது.

இங்கிலாந்தில் ஓர் ஒப்புமை

முதலாம் எலிசபெத் காலத்துச் செல்வர் வீடுகளில் மெல்லிய வட்ட மரத்தட்டுகள் இருந்தன. பெரும்பாலும் 12 தட்டுகள் ஒரு பெட்டியில் இருக்கும். ஒரு பக்கம் வெறும் மரம். மறுபக்கம் பூவேலைப்பாடும் ஒரு செய்யுளும். விருந்து முடிந்ததும் வெறும் பக்கத்தில் இனிப்பு வைத்து உண்பர். பிறகு தட்டைத் திருப்பி, தமக்கு வாய்த்த செய்யுளைப் படித்துக் காட்டுவர். வழக்கம் மறைந்தபின் இவை எதற்கானவை என்பதே புதிராகி, விளையாட்டுச் சீட்டு என்றுகூடக் கருதப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம்.

இன்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரவைகள் அலங்காரப் பொருளாக விற்கப்படுகின்றன. எந்த வீட்டில் எதை வைக்கப் பயன்பட்டது என்ற செய்தி பாத்திரத்தோடு வருவது அரிது. வீட்டில் மரவை உள்ளவர்கள் பாட்டிமாரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவைக்கலாம். சாதிலிங்கம் பாதரசம் கலந்தது. பூச்சு உரிந்த பழைய சிவப்பு மரவையில் உணவு வைக்காமலிருப்பது நல்லது.