கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லையா?

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஏழாம் எண் கணினியின் மீது 'பழுது' என்று எழுதிய தாள் ஒரு மாதமாக ஒட்டியிருந்தது. கணினி இயங்கும், திரையும் ஒளிரும். ஆனால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் அசையாது. நான் கணித ஆசிரியை. 'யாராவது வந்து பார்ப்பார்கள்' என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கணினியில் அமர வேண்டிய எட்டாம் வகுப்பு மாணவி, ஒவ்வொரு வாரமும் தோழியின் அருகே நின்றுகொண்டிருப்பாள். "நீயும் கொஞ்சம் தட்டிப் பாரேம்மா" என்றேன் ஒருநாள். "வேண்டாம் டீச்சர், அவ வேலை கெட்டுடும். நான் பார்த்தே கத்துக்கறேன்" என்றாள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. வாரத்தில் அந்த ஒரு பிரிவேளைதான் அவளுக்கு வாய்ப்பு. அன்று மாலையே ஏழாம் எண் கணினியின் முன் உட்கார்ந்தேன். அன்று கற்றதையும் பிறகு பழகியதையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. கருவியா, கணினியா? கீபோர்டில் 'நம் லாக்' விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால், கணினி கீபோர்டை அறிந்துகொண்டது என்று பொருள். விளக்கே எரியாவிட்டால், கீபோர்டையும் மவுஸையும் பக்கத்துக் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கருவிகளில் குறையில்லை. புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.

2. போர்ட்டை மாற்றுங்கள். முன்பக்க யு.எஸ்.பி. போர்ட்டுகள் உள்ளே ஒரு கேபிள் வழியாக மதர்போர்டுடன் இணைந்திருக்கும். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. ஆகவே பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி என்றால் நீல நிற போர்ட்டைத் தவிருங்கள். அது பெரும்பாலும் யு.எஸ்.பி. 3 வகை, அதற்கான டிரைவர் விண்டோஸ் 7 உடன் சேர்ந்து வருவதில்லை.

3. தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கணினியை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், ஹெட்போன், வெப் கேமரா என எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 30 வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மீண்டும் இயக்கும்போது கீபோர்டை மட்டும் முதலில் செருகுங்கள்.

எனக்கு விடை கிடைத்தது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் கழற்றியபோது, முன்பக்க போர்ட்டுக்குள் ஏதோ மின்னியது. டார்ச் அடித்துப் பார்த்தால், உடைந்த பென் டிரைவின் உலோக முனை! யு.எஸ்.பி. போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது. உலோகம் குறுக்கே பட்டு ஷார்ட் ஆனால், மதர்போர்டின் பாதுகாப்பு அமைப்பு அந்த மின்சாரத்தை நிறுத்திவிடும். சில கணினிகளில் அதே மின்வழியைப் பகிரும் மற்ற போர்ட்டுகளும் சேர்ந்தே நின்றுவிடும். மின் இணைப்பு இல்லாத நிலையிலேயே அந்தத் துண்டை இடுக்கியால் எடுத்தேன். கணினியை இயக்கியதும் நம் லாக் விளக்கு எரிந்தது.

4. மென்பொருளைப் பாருங்கள். கணினி தொடங்கும்போது 'டெலீட்' அல்லது 'எஃப் 2' விசையை அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திரை வரும். அங்கே அம்பு விசைகள் வேலை செய்து, விண்டோஸில் மட்டும் செய்யாவிட்டால், பழுது மென்பொருளில் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 10-இல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் பல கணினிகள் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். மவுஸ் மட்டும் வேலை செய்தால் திரையில் தோன்றும் கீபோர்டைப் பயன்படுத்தலாம். கீபோர்டு மட்டும் வேலை செய்தால், இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, என்டர் தட்டுங்கள். வலப்புற எண் விசைகளே மவுஸாக மாறும். பிறகு 'டிவைஸ் மேனேஜர்' சென்று, மஞ்சள் எச்சரிக்கைக் குறி உள்ள கருவியை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதை மீண்டும் கண்டறிந்து இணைத்துக்கொள்ளும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால், கணினிப் பெட்டியைத் திறக்காமல் பராமரிப்பாளரிடம் தெரிவியுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், மேற்சொன்னவற்றில் எதை எதைச் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்த வாரம் அந்தத் தாளைக் கிழிக்கும் வேலையை அந்த மாணவியிடமே கொடுத்தேன். அமர்ந்தவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரைத் தட்டினாள். பக்கத்தில் நின்று ஒரு மாதம் பார்த்ததில், விசைகள் எங்கே இருக்கின்றன என்பது அவளுக்குப் பிடிபடவேயில்லை. பார்த்துக் கற்பதும் தொட்டுக் கற்பதும் ஒன்றல்ல என்பதை அன்று நானும் கற்றேன். உங்கள் ஆய்வகத்திலும் ஒரு 'பழுது' தாள் இருந்தால், நாளையே ஒரு டார்ச்சோடு அதன் முன் உட்காருங்கள்.