முகமூடி அணிந்த காவலர்

விளையாட்டு வீரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் பெற்ற கிண்ணங்களையும் விருதுகளையுமே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். அவற்றுக்காக அவர்கள் கொடுத்த விலையை நினைப்பவர் சிலரே. கனடா நாட்டின் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டத்தில் இலக்குக் காவலராகப் புகழ்பெற்ற ஜாக் பிளாந்த் என்பவரின் வாழ்க்கை, அந்த விலையை எவ்வளவுக்குக் கொடுக்கலாம் என்று நம்மைச் சிந்திக்க வைப்பதாகும்.

நம் பாடசாலை மைதானங்களில் ஆடப்படும் ஹொக்கியை வாசகர் அறிவர். பனிக்கட்டி ஹொக்கியோ, உருக்குத் தகடு பொருத்திய பாதணிகளை அணிந்து, உறைந்த தரைமீது சறுக்கிச் சென்று ஆடப்படுவது. ஓர் அணிக்கு ஆறு பேர். அவர்கள் அடிப்பது பந்து அன்று. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உடைய கடினமான றப்பர் வட்டு. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள இலக்கின் முன்னே காவலர் தனித்து நிற்பார். புகைவண்டியினும் விரைந்து வரும் அவ்வட்டைக் கையாலும், காலாலும், வேண்டின் மார்பாலும் அவர் தடுத்தாக வேண்டும். கால்களுக்கும் மார்புக்கும் மெத்தைக் கவசம் உண்டு. முகத்துக்கு மட்டும் நெடுங்காலம் ஒன்றும் இருக்கவில்லை.

தொய்வு தந்த தொழில்

பிளாந்த் 1929ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி கியூபெக் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவரே மூத்தவர். வறுமையும் உழைப்பும் நிறைந்த குடும்பம். தாயார் அவருக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்திற் புகழ் பெற்ற பின்பும், தாம் அணியும் தொப்பிகளைத் தாமே பின்னிக்கொள்ளும் வழக்கத்தை அவர் விடவில்லை.

இளமையில் அவரைத் தொய்வு நோய் வருத்தியது. நெடுநேரம் சறுக்கி ஓடினால் மூச்சு முட்டும். ஆகவே ஓடியாடும் இடங்களை ஏனையோருக்கு விட்டு, இலக்கின் முன் நிற்கும் பணியை ஏற்றார். குறையென்று கருதப்பட்டதே அவரது வாழ்க்கைக்கு வழி வகுத்தது எனலாம்.

1952ஆம் ஆண்டிலே தொடங்கிய பருவத்தில் அவர் மொன்றியால் கனேடியன்ஸ் அணியின் சார்பில் முதன்முதலாக ஆடினார். 1956 முதல் 1960 வரை, ஐந்து ஆண்டுகள் இடைவிடாது, அவ்வணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. இலக்குக் காவலருக்குரிய வெசினா விருதை அவர் தம் வாழ்நாளில் ஏழு முறை பெற்றார். ஆயினும் அவ்வாண்டுகளில் அவருடைய கன்னத்து எலும்புகள் இரண்டும் முறிந்தன; மூக்கும் உடைந்தது; முகத்தில் இடப்பட்ட தையல்களோ பற்பல.

நியூயோர்க் நகரில் ஓர் இரவு

1930ஆம் ஆண்டிலேயே கிளின்ட் பெனடிக்ட் என்னும் காவலர், காயமுற்ற பின்னர்த் தோலினாற் செய்த முகமூடி ஒன்றைச் சிறிது காலம் அணிந்ததுண்டு. அது பார்வையை மறைத்தமையால் கைவிடப்பட்டது. அதன்பின் முகமூடி அணிவது கோழைத்தனம் என்ற எண்ணமே வேரூன்றியது.

1958ஆம் ஆண்டில் பிளாந்தின் நெற்றியில் வட்டுத் தாக்கியதைக் கண்டவர்களுள் பில் பேர்ச்மோர் என்பவரும் ஒருவர். கண்ணாடி நார் தயாரிக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றிய அவர், பிளாந்தின் முகத்தைச் சாந்தில் அச்செடுத்து, அதற்குப் பொருந்தக் கண்ணாடி நாரினால் முகமூடி ஒன்றைச் செய்துகொடுத்தார். பயிற்சியின்போது பிளாந்த் அதனை அணிந்தார். ஆனால் போட்டிகளில் அணிய அவருடைய பயிற்சியாளர் டோ பிளேக் உடன்படவில்லை. முகமூடி பார்வையைக் குறைக்கும், எச்சரிக்கையையும் தளர்த்தும் என்பது அவர் கருத்து.

1959ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க்கில் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், அன்டி பாத்கேட் அடித்த வட்டுப் பிளாந்தின் முகத்தைக் கிழித்தது. குருதி பெருக அவர் உள்ளே கொண்டு செல்லப்பட்டார். வைத்தியர் காயத்தைத் தைத்தார். ஓர் அணி இரு காவலரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை. முகமூடி இல்லாமல் தாம் மீண்டும் ஆடப்போவதில்லை என்று பிளாந்த் உறுதியாகக் கூறினார். பிளேக் வேறு வழியின்றி இணங்கினார்.

முகமூடியுடன் அவர் மீண்டும் அரங்கில் தோன்றியபோது பார்வையாளர் வியப்புற்றனர். அன்றைய ஆட்டத்தில் மொன்றியால் 3–1 என வென்றது. அடுத்து வந்த ஆட்டங்களிலும் வெற்றிகள் தொடர்ந்தன. 1960 மார்ச் மாதத்தில், பயிற்சியாளரின் வேண்டுகோளுக்கு இணங்கி, டிற்றொயிட் அணிக்கு எதிராக ஒருமுறை முகமூடி இன்றி ஆடினார். 0–3 என அணி தோற்றது. அதன்பின் அதைக் கழற்றுமாறு கேட்கும் பேச்சு ஓய்ந்தது. அவ்வாண்டுக் கிண்ணப் போட்டியின் எட்டு ஆட்டங்களிலும் மொன்றியாலே வென்றது.

அஞ்சுதல் யாது?

முகமூடி அணிவது அச்சத்தின் அடையாளம் அன்றோ என வினவியோருக்கு, வான்குடை இன்றி விமானத்திலிருந்து குதிப்பது வீரமாகுமா என அவர் திருப்பிக் கேட்டார் என்பர். 1970ஆம் ஆண்டு சென்ற் லூயிஸ் அணிக்காக ஆடியபோது, பொஸ்டன் அணியினர் அடித்த வட்டு அவர் நெற்றிமேல் மோதியது. முகமூடி பிளந்தது, அவர் நினைவிழந்து வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். அது இல்லாதிருந்தால் தாம் உயிர் பிழைத்திருக்க முடியாது என்று பின்னர் அவரே கூறினார்.

நாற்பத்தாறாம் வயது வரை ஆடிய பிளாந்த், 1975இல் ஓய்வுபெற்று, 1986ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திற் காலமானார். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 1974ஆம் ஆண்டுக்குப் பின் எந்தக் காவலரும் வெறும் முகத்துடன் நின்றதில்லை. இன்று முகமூடி இன்றி வருபவரை எவரும் வீரர் என்று புகழார். அறிவிலி என்றே இகழ்வர்.

அந்த இரவில் தைத்த முகத்தோடு அரங்குக்குத் திரும்பியவரிடம் துணிவுக்குக் குறைவில்லை. பிறர் நகைப்பார்களே என்னும் அச்சம் மட்டுமே அவரிடம் இருக்கவில்லை. வட்டின் அடியைத் தாங்கிக்கொண்ட காவலர் பலருக்கும் அந்த நகைப்பைத் தாங்கும் துணிவு அதுவரை வரவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று தம் உடலையும் நலனையும் பணயம் வைக்கும் இளைஞர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் இக்காவலரின் கதையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.