மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஏன்?
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



காட்டுமன்னார்கோயில், லால்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெருவே கிடையாது. நம்மில் பலரும் டிப்ளமோ முடித்ததும் துபாய், சவூதி என்றுதான் கனவு காண்கிறோம். பாஸ்போர்ட், விசா பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். மெடிக்கல் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

என் தாய்மாமா வெல்டர். அத்தையின் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டினார். சென்னையில் மெடிக்கல் எடுத்தார்கள். முடிவு 'அன்ஃபிட்'! பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமான டி.பி.யின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததாம். "எனக்குத்தான் இப்ப நோயே இல்லையே மாப்ள, அப்புறம் எதுக்கு அன்ஃபிட்? நம்ம வீட்ல படிச்சவன் நீதானே, சொல்லு" என்றார். அவருக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொற்றுநோய் உள்ளே வரக்கூடாது என்று எல்லா நாடுகளும் சட்டம் வைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். நம் நாடும் சும்மா இல்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து ஊசிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைதான்!

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோய் ஆகியவற்றுக்கு ரத்தச் சோதனை உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. இங்கே தேறினாலும் அங்கே போனபின் மறுபடி சோதிப்பார்கள். அதில் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரிட்டனில் நீண்ட நாள் தங்கப் போகும் இந்தியர்களுக்கும் டி.பி. சோதனை உண்டு. நோய் இருந்தால் சிகிச்சையை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களுக்கு அமெரிக்கா போட்டிருந்த தடை 2010 ஜனவரியில் நீங்கியது. வளைகுடா விதியோ பழைய தழும்பையும் நோயைப் போலவே பார்க்கிறது. மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இதில் ஒரு வேதனை. டி.பி. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகுக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வின் முடிவு 1959-ல் வெளிவந்தது. குணமான தழும்பு யாருக்கும் ஒட்டாது. அறிவியல் அறுபது வருஷத்துக்கு முன் சொன்னதைச் சட்டம் இன்னும் காதில் வாங்கவில்லை!

அதைவிட ஆபத்து பயம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் மூன்று வாரமாக இருமுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் "பேரு பதிஞ்சிடும், துபாய் போயிடும்" என்கிறார். நண்பர்களே, மறைத்தால் நோய் முற்றும், தழும்பும் பெரிதாகும். சீக்கிரம் பார்த்தால் தழும்பு குறைய வாய்ப்பு உண்டு. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் ஆறு மாத மாத்திரையும் இலவசம்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் எடுத்துப் பாருங்கள்.
2. மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொள்ளுங்கள்.
3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

வீராணம் கரையில் வாழும் நமக்கு, வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்லித்தர வேண்டுமா? மாமா இப்போது ஊரிலேயே பட்டறை வைத்திருக்கிறார். அத்தையின் நகை மட்டும் இன்னும் திரும்பவில்லை. அடுத்த வீட்டு நகையாவது தப்பட்டும்!